விலாவும் கொக்கியும்

கை முறிந்தால் மனிதனுக்கு ஒரு கௌரவம் உண்டு. மாவுக்கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து ஒரு துணித் தொட்டில் கட்டிக் கையை அதில் வைத்துக்கொண்டு அவன் தெருவில் நடந்தால், எதிரே வருகிறவர்கள் நின்று விசாரிக்கிறார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். கால் முறிந்தவனுக்கோ கேட்கவே வேண்டாம். அவன் கட்டிலைச் சுற்றி ஒரு தர்பாரே நடக்கும். ஆப்பிளும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டில்களும் வந்து குவியும். விலா எலும்பு முறிந்தவன் பாடுதான் பரிதாபம். அவனுக்குக் கட்டு இல்லை, தொட்டில் இல்லை, ஊன்றுகோல் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டால் சகல சௌக்கியங்களும் உள்ள மனிதனைப் போலவே தோன்றுவான். அதுவும் யாராவது ஒரு ஹாஸ்யம் சொல்லும் வரையில்தான். சிரிக்க வாயைத் திறந்த மாத்திரத்தில் அவன் முகம் போகிற போக்கைப் பார்த்தால், ஹாஸ்யம் சொன்னவர் அப்புறம் ஆறு மாதத்துக்கு வாயைத் திறக்கமாட்டார்.

மற்ற எலும்புகளுக்கெல்லாம் லீவு கொடுக்கலாம். கையை அசைக்காமல் வைத்திருக்கலாம். காலை நீட்டியபடியே கிடக்கலாம். விலாவுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிடையாது. நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு ஆகிறது. நம் பெரியவர்கள் சொன்ன கணக்கும் அதுதான். சிதம்பரத்தில் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் வேய்ந்திருப்பதாகச் சொல்வார்கள். மூச்சுக்கு ஓர் ஓடு. விலா முறிந்தவனுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக அவனே எண்ணிக்கொண்டிருப்பான்.

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு ஞானம் உண்டானதற்குக் காரணம் என் மருமான்.

அவன் என் தங்கையின் ஒரே பிள்ளை. ஒன்பது வயதிலே தகப்பனாரை இழந்தவன். நாகப்பட்டினத்தில் என் தங்கை பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்து அவனைப் படிக்கவைத்தாள். இப்போது அவனுக்கு முப்பத்துநான்கு வயது. ஹாங்காங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு வேலை. வாரத்தில் ஐந்து நாள் எண்களோடு போராடிவிட்டு, மீதி இரண்டு நாளில் கடலோடு போராடுகிறவன். அந்தப் போராட்டத்துக்கு விண்ட்ஸர்ஃபிங் என்று பெயர்.

அந்த வித்தையை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லுகிறேன். ஆள் உயரத்தைவிடச் சற்று நீளமான ஒரு பலகை. அதன் நடுவில் ஒரு பாய்மரம். ஆனால் நம் தோணிகளில் இருப்பதுபோல் அது அசையாமல் ஊன்றி நிற்பதில்லை. அடியில் உள்ள மூட்டு எந்தப் பக்கமும் வளையும். ஆகவே மனிதன் பிடித்திருக்கும் வரையில்தான் பாய் நிற்கும். அவன் கையை விட்டால் அது தண்ணீரில் படுத்துவிடும். சுக்கானும் கிடையாது. பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றைவிட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். பாயைப் பிடித்துக்கொள்ள இருபுறமும் வளைந்து சேரும் ஒரு கவைக்கம்பு இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் விஷ்போன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அது கோழியின் நெஞ்சிலே இருக்கும் கவை எலும்பின் பெயர். நெஞ்செலும்புக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள சம்பந்தம் பெயர் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டது!

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 1968-ல் அமெரிக்காவில் ஜிம் டிரேக் என்ற விமானப் பொறியாளரும் ஹாய்ல் ஷ்வைட்ஸர் என்பவரும் காப்புரிமை கோரினார்கள். பல தேசங்களில் அந்த உரிமை செல்லுபடியும் ஆயிற்று. ஆனால் இங்கிலாந்துக் கோர்ட்டில், 1958-லேயே ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் இப்படி ஒரு பலகையைச் செய்து ஓட்டியிருக்கிறான் என்று எடுத்துக்காட்டினார்கள். அப்பீல் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டு, அங்கே காப்புரிமை செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எந்த விளையாட்டையும் உண்மையில் கண்டுபிடிக்கிறவர்கள் பையன்கள்தான் போலும்.

மருமானுக்கு நேர்ந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல காற்று. வேகமாகப் போய்க்கொண்டிருந்தவன் திடீரென்று ஆகாயத்தில் பறந்து, பலகையின் மூக்குக்கு அப்பால் கவைக்கம்பின் மேலே போய் விழுந்திருக்கிறான். கூட இருந்தவர்கள் படகில் இழுத்துக்கொண்டு கரை சேர்த்தார்கள். இடது பக்கம் எட்டாவது, ஒன்பதாவது விலா எலும்புகளில் விரிசல்.

நாகப்பட்டினத்துக்குச் சேதி எட்டியபோது என் தங்கை அழவில்லை. அவள் அழுகிற ரகம் அல்ல. எனக்கு டெலிபோன் செய்தாள்.

"அண்ணா, நீங்கள் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். முடிந்தால் அவனை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போடலாம். முடியாவிட்டால் அந்தப் பலகையை விற்றுவிட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று அவன் கையால் சத்தியம் வாங்கிக்கொண்டு வாருங்கள்."

இரண்டு காரியங்கள்: கட்டு ஒன்று, சத்தியம் ஒன்று. இரண்டையும் சுமந்துகொண்டு ஒரு நவம்பர் மாதம் நான் ஹாங்காங் போய்ச் சேர்ந்தேன்.

முதல் காரியத்துக்கு மருமானின் டாக்டரே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். என் தகப்பனார் 1962-ல் சைக்கிளிலிருந்து விழுந்து விலாவை முறித்துக்கொண்டபோது, ஊர் டாக்டர் அகலமான பிளாஸ்திரிப் பட்டைகளை முதுகிலிருந்து நெஞ்சு வரை இழுத்து இழுத்து ஒட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் உலகமெங்கும் அதுதான் முறை. "இப்போது அப்படிச் செய்வதில்லை" என்றார் டாக்டர். "இறுகக் கட்டினால் வலி குறையும், மூச்சும் குறையும். ஆழ்ந்து மூச்சுவிடாதவனுக்கு நுரையீரலின் அடிப்பாகத்தில் சளி தங்கும். தங்கினால் நிமோனியா வரும். எலும்பு முறிந்ததால் சாகாதவன் கட்டினால் சாகக்கூடும். ஆகையால் வலிக்கு மருந்து கொடுத்து, கட்டாமல் விட்டுவிட்டு, மணிக்கொரு தரம் ஆழ்ந்து மூச்சு இழு என்கிறோம். இருமல் வந்தால் தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். சுமார் ஆறு வாரத்தில் எலும்பு தானே கூடிவிடும்."

இன்னும் சில விஷயங்களும் சொன்னார். விலா எலும்பு பன்னிரண்டு ஜோடி. மேலே ஏழு ஜோடிகள் நேரே மார்பெலும்போடு சேர்ந்திருப்பவை. அடுத்த மூன்று ஜோடிகள் மேலே உள்ளதைப் பற்றிக்கொண்டு நிற்பவை. கடைசி இரண்டு ஜோடிகள் முன்பக்கம் எதையும் பற்றாமல் மிதப்பவை. விலாவில் ஒரு சிறு விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போவதுண்டு. டாக்டர்கள் எக்ஸ்ரே எடுப்பது எலும்புக்காக மட்டும் அல்ல. எலும்பு முனை நுரையீரலைக் குத்திக் காற்று கசிகிறதா என்று பார்க்கத்தான். இடது பக்கம் கீழ் விலாக்களுக்கு உள்ளே மண்ணீரலும், வலது பக்கம் கல்லீரலும் இருக்கின்றன. ஆகவே மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம், ஜுரம், வயிற்று வலி, இடது தோள்பட்டையில் காரணமில்லாத வலி இவற்றில் ஏதாவது கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும். மருமானுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வலி ஒன்றுதான், அது போதுமானதாக இருந்தது.

புத்தூர்க் கட்டு இப்படித் தீர்ந்தது. மிச்சம் இருந்தது சத்தியமும் பலகையும். பலகை சியுங் சாவ் என்ற தீவில் இருந்தது. ஐந்தாவது வாரம் இருவரும் அங்கே புறப்பட்டோம்.

படகுத்துறையிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணிக்கும் குறைவான பிரயாணம். சியுங் சாவ் என்றால் சீன மொழியில் நீண்ட தீவு என்று பொருளாம். ஆனால் பார்ப்பதற்கு உடுக்கை மாதிரி, இரு பக்கமும் அகன்று இடை சிறுத்திருக்கிறது. மேற்கே மீன்பிடி படகுகள் அடைந்து கிடக்கும் துறைமுகம். இடையைக் கடந்து சில நிமிஷம் நடந்தால் கிழக்கே திறந்த கடல். மோட்டார் கார்கள் கிடையாது. கருவாட்டு வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு நாகப்பட்டினம் கண்முன் வந்துவிட்டது.

கிழக்குக் கரையில் ஒரு சிறு வளைகுடாவுக்குக் குவான் யாம் என்று பெயர். அருகிலே அந்தத் தெய்வத்தின் கோயிலும் இருக்கிறது. அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் சொல்லுகிறதல்லவா? அந்த அவலோகிதரே சீனத்தில் பெண் வடிவெடுத்துக் கருணைத் தேவியாகிக் குவான் யாம் ஆனார். கருணைத் தேவியின் கண்ணெதிரேதான் இத்தனை விலாக்களும் முறிகின்றன!

அந்தக் கரைக்கு இன்னொரு பெருமை உண்டு. லீ லாய் ஷான் என்ற பெண் இந்தத் தீவில் வளர்ந்தவள்; மீன்பிடி படகுகளுக்கு மத்தியில் பாய்ப்பலகை பழகியவள். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கினாள். ஹாங்காங்குக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது. அடுத்த தங்கம் கிடைக்க 2021 வரை, இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. அவளுக்குச் சிறுவயதில் இந்த வித்தையைப் பழக்கியவர் அவளுடைய மாமா என்று மருமான் சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவளைக் கடலில் இறக்கியவர் ஒரு மாமா. இவனைக் கரையேற்ற வந்திருப்பவனும் ஒரு மாமா. பையன் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன்.

பலகைகள் வைத்திருந்த கொட்டகையில் ஒரு கிழவர் இருந்தார். முப்பது வருஷமாக அந்தக் கடற்கரையில் பிள்ளைகளுக்குப் பாய் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவர். வற்றிய உடம்பு, வெயிலில் காய்ந்த முகம். மருமான் மொழிபெயர்க்க, "இந்த விளையாட்டில் என்னென்ன அபாயங்கள் உண்டு? ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்" என்று கேட்டேன். கிழவர் மறைக்கவில்லை. விலாவைவிடக் காலுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றார். பலகையின்மேல் பாதங்களை நுழைத்துக்கொள்ள வார்கள் இருக்கின்றன. விழும்போது உடம்பு ஒரு பக்கம் போய், பாதம் வாரில் சிக்கிக்கொண்டால் கணுக்கால் திருகும். சில சமயம் பாதத்தின் நடு மூட்டே விலகும். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு ரணவைத்தியர் லிஸ்ஃபிராங்க் என்பவரின் பெயரால் அந்த மூட்டை அழைக்கிறார்கள். குதிரைமேலிருந்து விழுகிறவனுக்கு அங்கவடியில் கால் மாட்டிக்கொண்டால் நேருகிற காயம் அதுவே. இருநூறு வருஷத்தில் குதிரை போய்ப் பலகை வந்தது, காயம் மாறவில்லை. இன்னும் தலையில் பாய்மரம் இடிக்கும். தோள் மூட்டு நழுவும். பலகைக்கு அடியில் உள்ள சிறகு கத்தி மாதிரி கிழிக்கும். இடுப்பு வலி நாளடைவில் வந்து நிரந்தரமாகக் குடியேறும். வேகம் ஏற ஏறத் தண்ணீரும் சுவராகிவிடுகிறது. 2015-ல் நமீபியாவில் அந்துவான் அல்போ என்ற பிரெஞ்சுக்காரர் 53.27 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 99 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறார். அந்த வேகத்தில் விழுகிறவனுக்குத் தண்ணீர் பஞ்சு மெத்தை அல்ல.

"சரி, விலா ஏன் முறிகிறது?" என்று கேட்டேன்.

கிழவர் பதில் சொல்லவில்லை. ஒரு பாயை எடுத்துவந்து மணலில் நிறுத்தி, கவைக்கம்பை என் கையில் கொடுத்தார். காற்றுப் பாயில் நிறைந்தது. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மூன்று நிமிஷத்தில் தோள் வலித்தது. ஐந்தாவது நிமிஷத்தில் முழங்கை நடுங்கிற்று. அப்போது அவர் என் இடுப்பில் ஓர் அகலமான வாரைக் கட்டினார். அதன் முன்புறம் ஓர் இரும்புக் கொக்கி. கவைக்கம்பில் தொங்கிய கயிற்று வளையத்தை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு, "இப்போது கையைத் தளர விடுங்கள்" என்றார்.

தளர விட்டேன். என்ன ஆச்சரியம்! பாரம் முழுவதும் கையைவிட்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. விரல்கள் சும்மா கம்பின்மேல் இருந்தால் போதும். உடம்பின் கனமே காற்றைச் சமாளித்தது. அந்தப் பெரிய பாயை ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருப்பதுபோல் வைத்திருந்தேன். நாள் முழுவதும் அப்படியே நிற்கலாம் என்று தோன்றியது. பலகைக்கார இளைஞர்கள் எதற்காக வாரத்தில் ஐந்து நாளைத் தள்ளிவிட்டு இங்கே ஓடிவருகிறார்கள் என்பது அந்த அரை நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த அரை நிமிஷத்தில் இன்னொன்றும் விளங்கிற்று. குப்பென்று ஒரு காற்று வந்தது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் பலம் இரட்டிப்பதில்லை, நாலு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்; அதைத் தொப்புளில் உணர்ந்தது அன்றுதான். பாய் முன்னே பாய்ந்தது. கையை விடலாம், ஆனால் இடுப்பை எப்படி விடுவது? மாட்டியிருக்கிறதே! இரண்டு எட்டு என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிற்று. கிழவரும் மருமானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திராவிட்டால் நானும் ஒரு விலாக்காரன் ஆகியிருப்பேன்.

"இதுதான்" என்றார் கிழவர். கடலில் இதற்குக் கவண் என்று பெயராம். காற்று திடீரென்று ஏறினாலும், பலகை ஓர் அலையில் முட்டி நின்றாலும், கொக்கியில் மாட்டியிருப்பவன் கவண்கல் மாதிரி முன்னே எறியப்படுகிறான். வளையத்தை விட்டுக் கழலாமலே போய்ப் பாய்மரத்திலோ கம்பிலோ மோதுகிறான். அல்லது அந்த இரும்புக் கொக்கியே மேலேறி அவன் விலாவில் பதிகிறது. கொக்கியும் கால்வாரும் ஆரம்பத்தில் கிடையாது. 1970-களில் ஹவாய் தீவுகளின் பேரலைகளில் ஓட்டியவர்கள் கை சோராமலும் கால் வழுக்காமலும் இருப்பதற்காகக் கண்டுபிடித்தவை அவை. கையைக் காப்பாற்ற வந்த கொக்கி விலாவை முறிக்கிறது. பாதத்தைத் தாங்க வந்த வார் பாதத்தைத் திருகுகிறது. காற்றும் கடலும் சும்மா இருக்கின்றன. தாங்குவதற்காகப் போட்டுக்கொண்ட கட்டுத்தான் மனிதனை வீழ்த்துகிறது.

"அப்படியானால் கொக்கியை எறிந்துவிடுங்களேன்!" என்றேன்.

கிழவர் சிரித்தார். கொக்கி இல்லாமல் ஒருவன் கால் மணி நேரம் ஓட்டலாம். கை சோர்ந்துபோய் நடுக்கடலில் நிற்பான்; அது அதைவிட ஆபத்து. "மாட்டிக்கொள்வதற்கு ஒரு நாளில் கற்றுக்கொடுக்கிறேன். காற்று இருண்டு வருவதைத் தண்ணீரின் நிறத்திலே பார்த்து, அது வந்து சேரும் முன் கழற்றிக்கொள்வதற்குக் கற்றுக்கொடுக்க இரண்டு வருஷம் ஆகிறது. உங்கள் பிள்ளை இப்போதுதான் முதல் வருஷம்" என்றார். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மருமான் கடைசி வாக்கியத்தை மட்டும் விழுங்கப் பார்த்தான், நான் விடவில்லை.

திரும்பி வரும்போது படகில் நான் சத்தியத்தைப் பற்றிப் பேசவில்லை. என் தங்கை கேட்ட சத்தியத்தை அவன் கொடுத்திருப்பான். அம்மா கேட்டு அவன் எதையும் மறுத்ததில்லை. கொடுத்துவிட்டு, வாரத்தில் ஏழு நாளும் எண்களைப் பார்த்துக்கொண்டு, மேலாக மூச்சுவிட்டுக்கொண்டு இருந்திருப்பான். என் தகப்பனாரின் மார்பில் பிளாஸ்திரி ஒட்டிய டாக்டரும் அன்போடுதான் ஒட்டினார்.

அன்றிரவு கைபேசியில் தங்கையின் முகம் தெரிந்தது. "பலகை விற்றாயிற்றா?" என்றாள்.

"விற்கவில்லை" என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். மூன்று மாதம் தொடுவதில்லை என்றும், பிறகு தலைக்கவசமும் கெட்டி நுரை வைத்த மார்புச் சட்டையும் இல்லாமல் இறங்குவதில்லை என்றும், தனியாகப் போவதில்லை என்றும், பலகையைவிட்டு ஒருபோதும் நீந்தி வர முயலுவதில்லை என்றும் அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான் என்றேன். கொக்கியைக் கழற்றும் வித்தையைக் கிழவரிடம் முதலிலிருந்து மறுபடி கற்றுக்கொள்ளப்போகிறான் என்றும் சொன்னேன். அவள் வெகு நேரம் பேசவில்லை. முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

பிறகு, "அந்தக் கரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?" என்று கேட்டாள்.

"கிழக்கே."

"நம் ஊர் மாதிரியா?"

"நம் ஊர் மாதிரியேதான்."

"அப்படியானால் மேல்காற்று அடிக்கிற அன்றைக்கு இறங்கக்கூடாது என்று சொல்லுங்கள். கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று அது. போகும்போது சுகமாகக் கொண்டுபோகும்; திரும்பக் கொண்டுவராது. அந்தக் கிழவர் இதைச் சொன்னாரா?"

சொல்லியிருந்தார்; என் பட்டியலில் விட்டுப்போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை எடுத்து இடது விலாவோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"எதற்காகச் சிரிக்கிறான்?" என்றாள் என் தங்கை. "அந்த மார்புச் சட்டை என்ன விலை என்று கேளுங்கள். நானே வாங்கிக்கொடுக்கிறேன்."